‘எஸ்’ எழுத்தை நீட்டி எழுதிய மேதை லைப்னிட்ஸ்

1716-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந்தேதி. ஜெர்மனியில் ஹனோவர் நகரில் ஒரு தேவாலயம். அங்கே ஒருவருடைய உடலை அடக்கம் செய்தார்கள். அவர் இறந்து அன்றோடு ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஹனோவர் அரண்மனையில் 40 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர் அவர். அடுத்தடுத்து மூன்று கோமகன்களிடம் வேலை செய்தவர். அரண்மனைக்காரர்களுக்கு எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு உதவியாளராக இருந்த எக்கார்ட் என்பவர்தான் உடன் இருந்தார்.

இறந்தவர் பெயர் காட்பிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ்.

கல்லூரியில் கால்குலஸ் பாடம் படித்தவர்களுக்கு ஒரு குறி நினைவிருக்கும். ஆங்கில ‘எஸ்’ எழுத்தை மேலும் கீழும் பிடித்து இழுத்தது போல இருக்கும். அதன் காலடியில் ஓர் எண், தலையில் ஓர் எண். இதற்கு வரையறுத்த தொகையீடு என்று பெயர். ‘டெபனிட் இண்டெகரல்’ என்பார்கள். அந்தக் குறியைக் கண்டு மிரண்டு, விதிகளை மட்டும் மனப்பாடம் செய்து, எப்படியோ மார்க் வாங்கி வெளியே வந்தவர்கள் ஏராளம். இன்று பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து சந்தேகம் கேட்டால், பேச்சை மாற்றுகிறார்கள்.

அந்த ‘எஸ்’ எழுத்தை முதன் முதலாக நீட்டி எழுதியவர் லைப்னிட்ஸ்தான். அவர் எழுதிய காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். ஏனென்றால் அதன் அடியில் இருப்பது, ஆபீசில் பேரேடு எழுதுகிற எவருக்கும் தெரிந்த கணக்கு.

அப்பாவின் புத்தக அறை

லைப்னிட்ஸ் 1646-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மகனுக்கு 6 வயது ஆகும்போது தந்தை இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற பெரிய சொத்து, ஓர் அறை நிறையப் புத்தகங்கள்.

எட்டு வயதில் அந்த அறைக்குள் போகப் பையனுக்கு அனுமதி கிடைத்தது. புத்தகங்கள் எல்லாம் லத்தீன் மொழியில் இருந்தன. படம் போட்ட ஒரு சரித்திரப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தையும் கீழே உள்ள வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆசிரியர் உதவி இல்லாமலே லத்தீன் கற்றுக்கொண்டார்.

1661-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சட்டம் படித்தார். 20 வயதில் டாக்டர் பட்டத்துக்குத் தயாரானார். ஆனால் லைப்சிக் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கவில்லை. பிறந்த ஊரை விட்டு வெளியேறினார். ஆல்ட்டார்ப் என்ற ஊரில் 1667-ல் அதே பட்டத்தைப் பெற்றார். அங்கே பேராசிரியர் பதவியும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வகுப்பறையில் உட்கார்ந்துவிட அவருக்கு விருப்பம் இல்லை. மைன்ஸ் நகரத்து ஆட்சியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

வந்த வேலை நடக்கவில்லை

1672-ல் அவரைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சு மன்னர் 14-ம் லூயி அப்போது அக்கம் பக்கத்து நாடுகள் மீது படையெடுக்கும் நோக்கத்தில் இருந்தார். அவர் கவனத்தை எகிப்து பக்கம் திருப்பிவிட்டால் ஜெர்மனி தப்பும் என்பது திட்டம். திட்டத்தை எழுதியவரே லைப்னிட்ஸ்தான். ஆனால் மன்னரைப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஆண்டு முடிவில், அவரை அனுப்பிய பிரபு காலமானார். சில வாரங்களில் மைன்ஸ் ஆட்சியாளரும் இறந்தார். வந்த காரியமும் நடக்கவில்லை, அனுப்பியவர்களும் இல்லை. வெளியூரில் நிரந்தர வருமானம் இல்லாமல் நின்றார் 26 வயது லைப்னிட்ஸ். வேலை தேடி வேறு மாநிலம் போனவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாரிசில்தான் அவருக்குக் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள் கிடைத்தார். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ். அதுவரை லைப்னிட்சுக்குத் தெரிந்த கணிதம் மிகக் குறைவு. ஹைகன்ஸ் அவரைச் சோதிக்க ஒரு கணக்குக் கொடுத்தார்.

1, 3, 6, 10, 15 என்று போகும் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அதில் 1/3, பிறகு 1/6, 1/10, 1/15 என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு?

முடிவில்லாத கூட்டலை உட்கார்ந்து கூட்ட முடியாது. லைப்னிட்ஸ் வேறு வழியாகப் போனார். ஒவ்வொரு பின்னத்தையும் ஒரு கழித்தலாக மாற்றினார். 1 என்பது 2-லிருந்து 1 போனது. 1/3 என்பது 1-லிருந்து 2/3 போனது. 1/6 என்பது 2/3-லிருந்து 1/2 போனது. 1/10 என்பது 1/2-லிருந்து 2/5 போனது. இப்படி எழுதினால் ஒரு வரியில் கழித்த எண், அடுத்த வரியில் திரும்ப வந்துவிடுகிறது. நடுவில் உள்ளது எல்லாம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது தொடக்கத்தில் உள்ள 2. கடைசியில் உள்ள மிகச் சிறிய எண் ஒன்று, போகப்போகப் பூஜ்யத்தை நெருங்குகிறது. ஆக மொத்தம் 2.

கணக்குச் சின்னதுதான். ஆனால் லைப்னிட்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

நாள்வழியும் பேரேடும்

இதை நம்மூர்க் கணக்குப் பிள்ளை மொழியில் சொல்லலாம். ஒரு கடையில் திங்கட்கிழமை காலையில் கல்லாவில் 200 ரூபாய் இருக்கிறது. அன்று 30 ரூபாய் கூடியது. மறுநாள் 15 ரூபாய் குறைந்தது. பிறகு 45 கூடியது, 10 குறைந்தது, 40 கூடியது. ஐந்து நாள் ஏற்ற இறக்கத்தையும் வரிசையாகக் கூட்டினால் 90 ரூபாய் கிடைக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கல்லாவை எண்ணுகிறோம். 290 ரூபாய். அதில் தொடக்க இருப்பான 200-ஐக் கழித்தால் 90. ஐந்து வரியைக் கூட்ட வேண்டாம். இரண்டு முனையைப் பார்த்தால் போதும். ஐம்பதாயிரம் வரி இருந்தாலும் அப்படித்தான்.

வேறுபாடுகளின் கூட்டுத்தொகை, கடைசி இருப்புக்கும் முதல் இருப்புக்கும் உள்ள வித்தியாசம். லைப்னிட்ஸ் கண்டது இதுதான். இதை அவர் எண் வரிசையோடு நிறுத்தவில்லை. வளைந்த கோட்டுக்கும் கொண்டுபோனார். அங்கேதான் அவர் மேதை.

எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எப்படிக் கூட்டுவது? வீட்டில் ஓடும் மின்சார மீட்டரைப் பார்த்தால் புரியும். விளக்கு மட்டும் எரிந்தால் மின்சாரம் கொஞ்சமாகச் செலவாகும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வேகம் எகிறும். இரவில் விசிறி மட்டும் ஓடும். நொடிக்கு நொடி செலவாகும் வேகம் வேறு. ஒவ்வொரு நொடியின் செலவையும் தனித்தனியாக எழுதிக் கூட்டினால் மொத்தச் செலவு வரும். ஆனால் மீட்டர் பார்க்க வருகிறவர் அப்படியா செய்கிறார்? இன்றைய ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழிக்கிறார். பில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

வரையறுத்த தொகையீடு என்பது இவ்வளவுதான். வேகம் ஒன்று, ஒரு தொடக்கம், ஒரு முடிவு கொடுக்கப்படுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே சேர்ந்த மொத்தம் என்ன என்பது கேள்வி. ‘எஸ்’ குறியின் காலடியில் உள்ள எண், போன ரீடிங் எடுத்த நேரம். தலையில் உள்ள எண், இன்றைய ரீடிங் எடுத்த நேரம்.

மாணவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயமும் இதில் தெளிவாகிறது. தொகையீட்டு விடையின் முடிவில் ‘சி’ என்று ஒரு மாறிலியைப் போடச் சொல்வார்கள். வரையறுத்த தொகையீட்டில் மட்டும் அதைப் போடவேண்டாம் என்பார்கள். ஏன் என்று பலருக்குத் தெரியாது. மீட்டரைப் பொருத்தும்போது அது பூஜ்யத்தில் இருந்ததா, 500-ல் இருந்ததா என்பது பில்லைப் பாதிக்குமா? இரண்டு ரீடிங்கிலும் அந்த 500 இருக்கிறது. கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. அந்த 500-தான் ‘சி’.

வளைகோட்டின் அடியில் உள்ள பரப்பு என்று பாடப் புத்தகம் சொல்வதும் இதே கதைதான். கோட்டின் உயரம் வேகம். அடியில் உள்ள இடம் மொத்தம். கோடு அச்சுக்குக் கீழே இறங்கினால் பரப்பைக் கழிக்க வேண்டும். கல்லாவில் செலவு எழுதுவது போல. வரவும் செலவும் சமமாக இருந்தால் தொகையீடு பூஜ்யம் என்று வரும். பரப்பே இல்லை என்று பொருள் அல்ல. இருப்பு மாறவில்லை என்று பொருள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு வண்டி கிளம்புகிறது. அதன் வேகம், ஆன நொடிகளின் வர்க்கம். அதாவது 1-வது நொடி முடிவில் வினாடிக்கு 1 மீட்டர், 2-வது நொடி முடிவில் 4 மீட்டர், 3-வது நொடி முடிவில் 9 மீட்டர். மூன்று நொடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

ஒவ்வொரு நொடியும் தொடங்கும்போது இருந்த வேகத்திலேயே ஓடியது என்று வைத்தால் 0, 1, 4; மொத்தம் 5 மீட்டர். முடியும்போது இருந்த வேகத்தை எடுத்தால் 1, 4, 9. மொத்தம் 14 மீட்டர். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. நொடியைப் பத்தாக வெட்டினால் குறைந்த கணக்கு 8.555, கூடுதல் கணக்கு 9.455. நூறாக வெட்டினால் 8.95505, 9.04505. இரண்டு பக்கமிருந்தும் 9-ஐ நெருக்கிக்கொண்டு வருகின்றன.

இப்போது லைப்னிட்ஸ் வழி. இந்த வேகத்துக்குரிய மீட்டர் எது? நொடியைத் தன்னாலேயே மூன்று முறை பெருக்கி மூன்றால் வகுத்தது. அந்த மீட்டர் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கணக்கிட்டால் நொடியின் வர்க்கம்தான் வரும். 3-வது நொடியில் ரீடிங் 27-ஐ 3-ஆல் வகுத்தது, 9. தொடக்கத்தில் ரீடிங் பூஜ்யம். வித்தியாசம் 9 மீட்டர். நூறு கூறு, ஆயிரம் கூறு எதுவும் வேண்டாம்.

எல்லா வேகத்துக்கும் இப்படிச் சுலபமான மீட்டர் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. புள்ளியியலில் வரும் மணி வடிவக் கோட்டுக்குக் கிடையாது. அங்கே பழையபடி துண்டு துண்டாக வெட்டித்தான் கூட்ட வேண்டும். இன்று கம்ப்யூட்டர்கள் அதைத்தான் செய்கின்றன.

1675 அக்டோபர் 29

பரப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டுவது லைப்னிட்ஸ் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு 1,800 ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ் செய்தார். கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வட்டத்தைச் சிறு சிறு கூறுகளாக்கிக் கூட்டினார். ‘பை’ என்னும் எண்ணின் கால் பங்குக்கு 1, அதில் 1/3 போக, 1/5 சேர, 1/7 போக என்று நீளும் ஒரு தொடர் உண்டு. 1670-களில் லைப்னிட்ஸ் பாரிசில் அதைக் கண்டுபிடித்து மிகவும் மகிழ்ந்தார். இரண்டரை நூற்றாண்டுக்கு முன் கேரளத்தில் அது தெரிந்திருந்தது. ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் நிரூபணமே இருக்கிறது. லைப்னிட்சுக்கு அது தெரிய வழியில்லை. ஐரோப்பியர்களுக்கு விவரம் எட்டியது 1830-களில்தான்.

லைப்னிட்ஸ் சேர்த்தது, கூட்டலும் வேறுபாடும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ச் செயல்கள் என்ற பொது விதி. அதோடு, யார் வேண்டுமானாலும் கையாளக்கூடிய குறிகள்.

1675 அக்டோபர் 29-ந்தேதி ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை கூட்டலைக் குறிக்க, ‘எல்லாம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சுருக்கி எழுதி வந்தார். அன்று அதை விட்டுவிட்டு, கூட்டுத்தொகைக்கான ‘சும்மா’ என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை எழுதினார். அக்காலத்தில் ‘எஸ்’ எழுத்தை நீட்டி எழுதும் வழக்கம் உண்டு. அந்த நீட்டல் அப்படியே நின்றுவிட்டது. நவம்பர் 11-ந்தேதித் தாளில், சிறு வேறுபாட்டைக் குறிக்க ‘டி-எக்ஸ்’ வந்துவிட்டது.

அந்த நவம்பர் தாளில் மேதைக்கும் சறுக்கல் வந்தது. இரண்டு அளவுகளைப் பெருக்கினால், பெருக்கலின் வேறுபாடு, வேறுபாடுகளின் பெருக்கல்தானா என்று அவருக்குச் சந்தேகம். முதல் ஆண்டு மாணவன் இன்றும் விழுகிற அதே பள்ளம். போட்டுப் பார்த்து, இல்லை என்று கண்டுகொண்டார். சில நாட்களில் சரியான விதியும் கிடைத்தது.

லண்டனில் கிடைத்த அவமானம்

இதற்கு முன்பு, 1673-ல், அவர் லண்டன் போயிருந்தார். பெருக்கலும் வகுத்தலும் செய்யும் ஓர் இயந்திரத்தைத் தாமே வடிவமைத்து, அறிஞர்கள் கூடும் ராயல் சொசைட்டியில் பிப்ரவரி 1-ந்தேதி காட்டினார். அது முழுமையாக வேலை செய்யவில்லை. ஆனாலும் அதில் இருந்த படிக்கட்டுப் பல் உருளை நல்ல யோசனை. 1820-ல் பிரான்சில் உருவாகி ஆபீஸ்களுக்குப் போன கணக்கு மெஷினில் அதே உருளை இருந்தது. லைப்னிட்ஸ் செய்த மெஷின்களில் ஒன்று 1879-ல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பரணில் கிடைத்தது.

அதே லண்டன் பயணத்தில் ஒரு விருந்தில், எண்களின் வேறுபாடுகள் பற்றித் தாம் கண்டுபிடித்த ஒரு முறையைப் பெருமையாகச் சொன்னார். பெல் என்ற கணித அறிஞர் அங்கே இருந்தார். இது ஏற்கனவே ஒரு புத்தகத்தில் வந்துவிட்டதே என்றார் அவர். லைப்னிட்ஸ் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்தார். உண்மைதான். தாம் அதைப் பார்த்துத் திருடவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் எதிரிகள் இந்தச் சம்பவத்தைத் தோண்டி எடுத்தார்கள்.

பாரிசில் வேலை தேடிப் பார்த்தார். அமையவில்லை. ஹனோவர் கோமகன் அழைத்தார். மனமில்லாமலே 1676 அக்டோபரில் பாரிசை விட்டுப் புறப்பட்டு, டிசம்பரில் ஹனோவர் போய்ச் சேர்ந்தார். ஆலோசகர், நூலகர் என்ற உத்தியோகம். சாகும்வரை அங்கேதான்.

கணக்கு வெளியே வருவதற்கு 9 ஆண்டு ஆயிற்று. 1684-ல் ஒரு லத்தீன் பத்திரிகையில் வேறுபாட்டு முறையை 6 பக்கத்தில் வெளியிட்டார். அச்சுப் பிழை வேறு. விளக்கமும் போதாது. 1686-ல் நீட்டிய ‘எஸ்’ அச்சில் ஏறியது. சுவிட்சர்லாந்தில் யாக்கோபு, யோகான் என்ற பெர்னூலி சகோதரர்கள் அந்தக் கட்டுரைகளைத் திரும்பத் திரும்பப் படித்து, புதிரை அவிழ்ப்பது போல அவிழ்த்தார்கள். ‘இண்டெகரல்’ என்ற சொல்லை 1690-ல் அச்சில் பயன்படுத்தியவர் யாக்கோபு பெர்னூலிதான். லைப்னிட்ஸ் கூட்டல் கணிதம் என்றே பெயர் வைக்க விரும்பினார். அந்தப் பெயரே நிலைத்திருந்தால் பல மாணவர்களின் பயம் குறைந்திருக்கும்!

எஜமானர் கேட்ட புத்தகம்

இவ்வளவும் அவர் ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் செய்த வேலை. ஹனோவர் அரண்மனை அவருக்குச் சம்பளம் கொடுத்தது கால்குலசுக்காக அல்ல.

ஹார்ஸ் மலையில் கோமகனுக்கு வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரைக் காற்றாலை வைத்து இறைத்துக் காட்டுகிறேன் என்றார் லைப்னிட்ஸ். பல ஆண்டு மலைக்கும் ஊருக்கும் அலைந்தார். சுரங்க அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. காற்றும் ஒத்துழைக்கவில்லை. 1685-ல் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

அதே ஆண்டு வேறு வேலை கொடுத்தார்கள். கோமகன் குடும்பத்தின் சரித்திரத்தை எழுத வேண்டும். வம்சம் பழமையானது என்று நிரூபித்தால் அந்தஸ்து உயரும். லைப்னிட்ஸ் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்தில் முடித்திருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆள் அல்ல. 1687-ல் கிளம்பி, தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று சுற்றி, பழைய ஓலைகளையும் கல்லறை எழுத்துக்களையும் பார்த்துவிட்டு 1690-ல்தான் திரும்பினார். இத்தாலியின் எஸ்டே வம்சத்தோடு உள்ள உறவை ஆதாரத்தோடு காட்டினார். எஜமானருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் புத்தகம் முடியவில்லை. அந்த வேலை அவர் கழுத்தில் தொங்கிய கல்லாகிவிட்டது.

நியூட்டனோடு தகராறு

இதற்கிடையில் இங்கிலாந்தில் புயல் கிளம்பியது.

ஐசக் நியூட்டன் 1665, 1666 ஆண்டுகளிலேயே, லைப்னிட்சுக்கு முன்பாக, தமக்கென்று ஒரு கால்குலஸ் முறையைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் வெளியிடவில்லை. 1676-ல் லைப்னிட்சுக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டாவது கடிதத்தில் முக்கியமான விஷயத்தை மட்டும் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு மறைத்திருந்தார். லைப்னிட்சும் தம் 1684 கட்டுரையில் நியூட்டன் பெயரைக் குறிப்பிடவில்லை. அது அவர் செய்த தவறு. ஒரு வரி எழுதியிருந்தால் பாதித் தகராறு வந்திருக்காது.

கீல் என்ற ஆங்கிலேயர், லைப்னிட்ஸ் நியூட்டனைப் பார்த்து எடுத்துக்கொண்டார் என்று எழுதினார். லைப்னிட்ஸ் 1673 முதலே ராயல் சொசைட்டியின் உறுப்பினர். நியாயம் வேண்டி 1711-ல் அந்தச் சங்கத்துக்கே எழுதினார். 1712-ல் விசாரணைக் குழு அமைத்தார்கள். சங்கத்தின் தலைவர் யார்? நியூட்டனேதான். குழு லைப்னிட்சை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில வாரங்களில் நியூட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அறிக்கையைத் தயாரித்ததில் நியூட்டனின் கையே இருந்தது பின்னாளில் தெரிந்தது. பிறகு 1715-ல் அந்த அறிக்கைக்குப் பெயர் போடாமல் ஒரு மதிப்புரை வந்தது. அதை எழுதியவரும் நியூட்டன்!

இருவருடைய கையெழுத்துத் தாள்களையும் ஆராய்ந்தவர்கள் இன்று ஒப்புக்கொள்வது இது: முதலில் கண்டவர் நியூட்டன், முதலில் வெளியிட்டவர் லைப்னிட்ஸ், ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுக்கவில்லை.

தகராறில் வென்ற இங்கிலாந்துக்குத்தான் நஷ்டம். நியூட்டன் போட்ட புள்ளிக் குறிகளைத்தான் பயன்படுத்துவோம் என்று ஆங்கிலேயர்கள் நூறு ஆண்டு பிடிவாதமாக இருந்தார்கள். அதற்குள் ஐரோப்பாவின் மற்ற நாடுகள் எங்கோ முன்னேறிவிட்டன. 1812-ல் கேம்பிரிட்ஜில் பாபேஜ் முதலிய மாணவர்கள் தனியாகச் சங்கம் வைத்து, லைப்னிட்ஸ் குறியை உள்ளே கொண்டுவரப் பாடுபட்டார்கள்.

மூன்று நாள் தாமதம்

1714 ஆகஸ்ட் 1-ந்தேதி இங்கிலாந்து ராணி ஆன் இறந்தார். ஹனோவர் ஆட்சியாளர் ஜார்ஜ் லுட்விக், இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜார்ஜ் ஆனார். லைப்னிட்ஸ் அப்போது வியன்னாவில் இருந்தார். செய்தி கேட்டு விரைந்து வந்தார். செப்டம்பர் 14-ந்தேதி ஹனோவர் வந்து சேர்ந்தால், மன்னர் மூன்று நாள் முன்பே லண்டன் புறப்பட்டுவிட்டார்.

தம்மையும் லண்டனுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்று லைப்னிட்ஸ் விண்ணப்பித்தார். முதலில் குடும்பச் சரித்திரத்தை முடிக்க வேண்டும், அதுவரை ஊரை விட்டு நகரக் கூடாது என்று பதில் வந்தது. அவரை மதித்து ஆதரித்த மன்னரின் தாயார் சோபியாவும் அந்த ஜூன் மாதம் இறந்திருந்தார். எஜமானர் போய்விட்டார், ஊழியர் மட்டும் மிச்சம். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது பழைய ஆபீசில் தனியாக விடப்பட்ட கணக்கர் நிலைமை அவருக்கு.

வாத நோய் கைகளையும் கால்களையும் முடக்கியது. படுத்தபடியே எழுதினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1716 நவம்பர் 14-ந்தேதி இரவு, 70-ம் வயதில் காலமானார். அவர் முயற்சியால் 1700-ல் தொடங்கப்பட்ட பெர்லின் அறிவியல் கழகம் இரங்கல் தெரிவிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியும் பேசாமல் இருந்தது. பாரிஸ் கழகம் மட்டும் மறு ஆண்டு புகழுரை வாசித்தது. கல்லறையில் நெடுங்காலம் பெயர்கூட இல்லை.

குடும்பச் சரித்திரம் கி.பி. 1005-ம் ஆண்டு வரைதான் வந்திருந்தது. அது அச்சானது 1840-களில்.

‘எஸ்’ குறியின் காலடியிலும் தலையிலும் இரண்டு எல்லைகளை எழுதும் வழக்கம் லைப்னிட்ஸ் காலத்தில் இல்லை. பிரெஞ்சுக்காரர் பூரியே வெப்பம் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலால் அது பரவியது. எண்ணற்ற துண்டுகளைக் கூட்டுவது எப்போது சரி, எப்போது தவறு என்பதை 1823-ல் கோஷியும், 1854-ல் ரீமானும் கறாராக வரையறுத்தார்கள். லைப்னிட்ஸ் அந்தச் சிறு துண்டு பூஜ்யமா, பூஜ்யம் இல்லையா என்று கேட்டவர்களுக்குக் கடைசிவரை திருப்தியான பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் முறையில் போட்ட கணக்கு தப்பவில்லை.

அவர் இறந்ததும், அரசாங்க ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயத்தில் அவருடைய தாள்களை எல்லாம் அரண்மனை கைப்பற்றிப் பூட்டி வைத்தது. மரியாதையால் செய்த காரியம் அல்ல. ஆனால் அதனால்தான் 1675 அக்டோபர் 29-ந்தேதித் தாள் உட்பட, ஏறக்குறைய 2 லட்சம் பக்கங்கள் சிதறாமல் பிழைத்தன. ஹனோவர் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி அச்சிடும் வேலையில் முதல் தொகுதி 1923-ல் வந்தது. வேலை இன்னும் முடியவில்லை.